ஆண்டிபயாடிக்கும் மதுவும்: எல்லா மாத்திரைக்கும் ஒரே பதில் இல்லை

மாலை ஆறு மணிக்கு மேல் எந்த மெடிக்கல் கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். "அண்ணே, இந்த மாத்திரை போட்டா சரக்கு சாப்பிடலாமா?" கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "வேணாம் தம்பி, பவர் மாத்திரை" என்பார். கேட்டவர் ஒரு நொடி யோசிப்பார். "அப்ப இன்னைக்கு மாத்திரைய விட்டுட்டு நாளைக்குப் போட்டுக்கிறேன்." மாத்திரை பையில் கிடக்கும், ஆள் டாஸ்மாக்கில் இருப்பார்.

குடிக்காதே என்ற எச்சரிக்கை நல்ல எண்ணத்தில்தான் சொல்லப்படுகிறது. ஆனால் பல நேரங்களில் அதைக் கேட்டவர் கைவிடுவது மதுவை அல்ல, மருந்தை. எந்த ஆண்டிபயாடிக்கோடு மது உண்மையிலேயே ஆபத்து, எதனோடு பெரிய தீங்கில்லை என்பதை மருத்துவ உலகம் ஓரளவு தெளிவாகவே அறிந்திருக்கிறது. அந்தத் தெளிவு நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தடை போடும் பழக்கம் சிறிய ஆபத்தைப் பெரிதாகக் காட்டுகிறது, பெரிய ஆபத்தைக் கூட்டத்தில் மறைத்துவிடுகிறது. இதுதான் என் வாதம்.

இந்தப் பொதுத்தடை எங்கிருந்து வந்தது? பெனிசிலின் அரிதாக இருந்த காலத்திலிருந்து இதன் கதையைச் சொல்கிறார்கள். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் ஏற்றியபோது மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். அப்படியும் கையிருப்பு தீர்ந்து, மார்ச் மாதம் அவர் இறந்தார். போர்க்காலத்தில் படைவீரர்கள் பீர் குடித்தால் சிறுநீர் பெருகி மருந்தைப் பிரிப்பது கடினமாகும் என்று தடுத்ததாக ஒரு செய்தி உண்டு. பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களில், குடிபோதையில் மறுபடி உறவுகொண்டு நோயைப் பரப்பிவிடக் கூடாது என்பதற்காகத் தடுத்ததாகவும் சொல்கிறார்கள். இரண்டு காரணத்திலும் மருந்துக்கும் மதுவுக்கும் உடலுக்குள் நடக்கும் மோதல் எதுவும் இல்லை. காரணம் மறைந்துபோய் தடை மட்டும் நிலைத்துவிட்டது. லண்டனில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. மது குடித்தால் ஆண்டிபயாடிக் வேலை செய்யாது என்று 81 விழுக்காட்டினர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தாது. 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த சான்றுகளை எல்லாம் தொகுத்து ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். அமாக்சிசிலின் போன்ற வாய்வழிப் பெனிசிலின்கள், அசித்ரோமைசின் முதலியவற்றின் வீரியத்தை மது குறைப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை. எரித்ரோமைசின் உடலில் சேர்வது சற்றுத் தாமதமாகலாம். டாக்சிசைக்ளின் கதை வேறு. தினமும் குடிப்பவர்களின் கல்லீரல் அதை வேகமாகச் சிதைத்து வெளியேற்றுவதால் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைகிறது. எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் இங்கே முதலில் கொடுக்கப்படும் மருந்து அது. தண்ணீர் தேங்கிய வயலிலும் சாக்கடையிலும் வேலை செய்து காய்ச்சலோடு வருகிறவர் தினமும் குடிப்பவர் என்றால் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மருந்தோடு மோதாவிட்டாலும் நோயோடு மது மோதுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொடர்ந்து குடிப்பவரின் நோய் எதிர்ப்பு அணுக்கள் மந்தமாகின்றன. நிமோனியா அவர்களுக்கு எளிதில் வருகிறது, கடுமையாகவும் வருகிறது. காய்ச்சலில் ஏற்கெனவே வற்றிய உடலிலிருந்து மது மேலும் நீரை வெளியேற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். குணமாகும் வரை குடிக்காமல் இருப்பது நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நல்லது என்பதும் ஆபத்து என்பதும் வேறு வேறு, அவ்வளவுதான்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். நாம் குடிக்கும் மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. இன்னொரு நொதி அதைப் பிடித்துத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. அந்த இரண்டாவது நொதியை ஏதேனும் ஒரு மருந்து தடுத்துவிட்டால் நச்சு ரத்தத்தில் தேங்கும். முகம் சிவந்து எரியும், தலை தெறிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். 1940களின் இறுதியில் கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று டைசல்ஃபிராமைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்திருந்த நிலையில் சிறிதளவு மது குடித்தபோது இந்த வேதனை அவர்களுக்கே வந்தது. அந்த மருந்துதான் பிறகு குடியை நிறுத்த உதவும் மாத்திரையாக ஆனது. நம் ஊர்ப் போதை மீட்பு மையங்களிலும் இன்றுவரை கொடுக்கப்படுகிறது.

இதே விளைவை உண்டாக்கும் ஆண்டிபயாடிக்குகள் சில உண்டு. அவற்றில் நம் மருத்துவமனைகளில் மிகுதியாகப் புழங்குவது செஃபோபெரசோன். சல்பாக்டம் என்ற துணை மருந்தோடு சேர்த்து ஊசியாகவோ ட்ரிப்ஸிலோ ஏற்றுவார்கள். அதன் மூலக்கூறில் தொங்கும் ஒரு பக்கக்கிளைதான் மேலே சொன்ன நொதியைத் தடுக்கிறது. செஃபோடெட்டன் போன்ற வேறு சில செஃபலோஸ்போரின்களிலும் அதே கிளை உண்டு. ஆனால் அந்தக் குடும்பம் முழுவதிலும் இல்லை. சாதாரணமாக எழுதித் தரப்படும் செஃபிக்சிமிலும் செஃபலெக்சினிலும் கிடையாது.

செஃபோபெரசோனில் மிக முக்கியமானது கால அளவு. கடைசி ஊசிக்குப் பின் ஐந்தாம் நாள் குடித்தவருக்குக்கூட இந்த எதிர்வினை வந்திருப்பதாக மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் படுக்கையில் கிடந்து, ஊசி முடிந்து, காலையில் டிஸ்சார்ஜ் ஆகிறார். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது, மதுவைப் பற்றி ஒரு வரி இல்லை. கோர்ஸ் முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டாம் நாள் நண்பர்களோடு உட்காருகிறார். அரை மணிக்குள் முகம் ரத்தமாகச் சிவக்கிறது, கண் இருட்டுகிறது. கூட இருப்பவர்கள் சரக்கில்தான் கோளாறு என்று நினைப்பார்கள். இதய நோய் உள்ளவருக்கு இது உயிரைப் பறிக்கவும் கூடும். சீனாவிலிருந்து இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் நிறைய வந்திருக்கின்றன. ஐந்து நாளுக்கு மதுவோ, மது கலந்த டானிக்கோ, அரிஷ்டமோ கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் ஒரு வரி அச்சிட எந்த மருத்துவமனைக்கும் செலவாகாது. அரிஷ்டத்தைச் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நொதிக்கவைத்துச் செய்யப்படுவதால் அதில் மது தானாகவே உருவாகிறது. பாட்டில் லேபிளிலேயே அதன் விழுக்காட்டைப் போட்டிருப்பார்கள். மதுவைத் தொட்டே பார்க்காத பெண்களும் முதியவர்களும் அதைக் குடிக்கிறார்கள்.

மிகவும் பேசப்படுவதும் மிகவும் குழம்பிக் கிடப்பதும் மெட்ரோனிடசோல்தான். பல் ஈறு வீக்கத்துக்கும், சீதபேதிக்கும், பெண்களின் பிறப்புறுப்புத் தொற்றுக்கும் கொடுப்பது. மதுவோடு சேரவே கூடாது என்று மருத்துவ மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இதைத்தான். 1964இல் இந்த மருந்தை எடுத்த ஒருவருக்கு மதுவின் மேல் நாட்டம் குறைந்ததாக ஒரு குறிப்பு வெளிவந்ததிலிருந்து இந்த எண்ணம் வளர்ந்தது. தனித்தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் சேர்ந்துகொண்டே போயின. 2000இல் வில்லியம்ஸ், உட்காக் என்ற இருவர் அந்த அறிக்கைகளைத் திரும்ப எடுத்துப் படித்தார்கள். அவற்றில் உறுதியான சான்று இல்லை என்றும், மது மட்டுமே அந்த விளைவுகளைத் தந்திருக்கலாம் என்றும் எழுதினார்கள். 2002இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தார்கள். உடல்நலம் உள்ள 12 ஆண்களில் பாதிப் பேருக்கு ஐந்து நாள் மெட்ரோனிடசோல், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பிறகு எல்லோருக்கும் மது கொடுத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அசிட்டால்டிஹைடு ஏறவில்லை, யாருக்கும் எதிர்வினை வரவில்லை. 2021இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் பால்வினை நோய்ச் சிகிச்சை வழிகாட்டியில், மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மதுவைத் தவிர்க்கத் தேவையில்லை என்றே எழுதிவிட்டது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையோ, மருந்து முடிந்து இரண்டு நாள் வரை குடிக்காதீர்கள் என்று இன்னமும் சொல்கிறது. மெட்ரோனிடசோலின் உறவினரான டினிடசோலுக்கு மூன்று நாள்.

இரு பெரிய அமைப்புகள் எதிரெதிராகப் பேசும்போது நம் நோயாளிக்கு எதைச் சொல்வது? ஃபின்லாந்து ஆய்வில் கொடுத்த மதுவின் அளவைப் பார்த்தால் எனக்குப் பதில் கிடைக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராம். எழுபது கிலோ ஆளுக்கு 28 கிராம். நம் டாஸ்மாக் பிராந்தியில் 42.8 விழுக்காடு மது. 90 மில்லி கட்டிங் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கிறது, 180 மில்லி குவாட்டரில் 60 கிராம். அப்படியானால் அந்த ஆய்வு சோதித்தது ஒரு கட்டிங்கை. அதுவும் நோயில்லாத உடலில். இங்கே குவாட்டருக்குக் குறைந்து வாங்குகிறவர் அரிது, வெறும் வயிற்றில் குடிக்கிறவரோ ஏராளம். நோயுற்ற உடலில் இரண்டு மடங்கு மது என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அதனால் மெட்ரோனிடசோல் நாள்களில் குடிக்க வேண்டாம், முடிந்து இரண்டு நாளும் வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஆனால் ஒருநாள் குடித்துவிட்டதற்காக மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு என்பதையும் அதே மூச்சில் சொல்வேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு நோய் காரணம். அமீபா கிருமியால் கல்லீரலில் சீழ் கட்டும் நோய் நம் பக்கத்தில் பெரும்பாலும் யாருக்கு வருகிறது? நடுவயது ஆண்களுக்கு, அதிலும் குடிப்பவர்களுக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோய் கள் குடிக்கும் ஆண்களிடமே பெரிதும் காணப்படுவதை அங்குள்ள மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு அறுவைச் சிகிச்சை வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்கும் இது புதிய செய்தி அல்ல. வலப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, குளிர்காய்ச்சலோடு, மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் வருவார்கள். அவர்களுக்கு முதன்மையான மருந்து மெட்ரோனிடசோல், ஏழு முதல் பத்து நாள், பெரிய அளவில். ஆக, மதுவோடு சேரக் கூடாது என்று சொல்லப்படும் மருந்தைக் கட்டாயம் எடுத்தாக வேண்டியவர் குடிப்பவரேதான். அவரிடம் குடிச்சா செத்துருவ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வலி குறைந்த நான்காம் நாள் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கப் போவார். கட்டி உடைந்து வயிற்றுக்குள்ளோ நெஞ்சறைக்குள்ளோ பரவினால் உயிருக்கே ஆபத்து.

வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் கடையில் கேட்டவுடன் கொடுக்கும் மாத்திரைகளிலும் மெட்ரோனிடசோல் குடும்பம் ஒளிந்திருக்கிறது. ஓஃப்ளாக்சசினோடு ஆர்னிடசோல், நார்ஃப்ளாக்சசினோடு டினிடசோல் என்று இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைகள் அவை. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் "நிடசோல்" என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிக் கொடுத்த துண்டில் பெயரே இருக்காது. அதைக் கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை.

காசநோய்க்கு வரும்போது விவாதத்துக்கே இடமில்லை. முதல் வரிசை மருந்துகளான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைச் சோதிப்பவை. சிகிச்சையோ மொத்தம் ஆறு மாதம் நீடிக்கும். தினமும் குடிப்பவரின் கல்லீரலில் சில நொதிகள் பெருகி, ஐசோனியசிட்டை அதிக நச்சாக மாற்றுகின்றன. மஞ்சள் காமாலை வரும் வாய்ப்பு கூடுகிறது. ஐசோனியசிட், மது இரண்டுமே நரம்பைத் தாக்குவதால் பாதம் மரத்துப்போதல், எரிச்சல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. அதனால்தான் பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரையும் உடன் கொடுக்கிறார்கள். மருந்தை எதிர்க்கும் காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரினோடு மது சேர்ந்தால் வலிப்பு வரக்கூடும். அதே சிகிச்சையில் உள்ள லினசோலிட், குழாயிலிருந்து ஊற்றும் பீர், சிவப்பு ஒயின் போன்றவற்றில் உள்ள டைரமினோடு சேர்ந்தால் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தும். சாப்பாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. ஐசோனியசிட் எடுக்கும் நோயாளிகளுக்குச் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வந்ததை 1970களில் இலங்கை மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். மீனில் சேர்ந்திருந்த ஹிஸ்டமின்தான் காரணம்.

காசநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு மருந்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு நாளில் 40 கிராமுக்கு மேல் மது குடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2008இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. நம் கணக்கில் அது முழுக் குவாட்டர்கூட அல்ல. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணமாக்கலாம் என்று உலகுக்கு நிரூபித்தது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம். அந்த மையத்தின் ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இடையில் சிகிச்சையை விட்டுப்போனவர்களைப் பிரித்துக் காட்டிய காரணங்களில் குடிப்பழக்கமும் ஒன்று. குடிக்கிறவர் வரிசையில் நின்று மாத்திரை வாங்கும்போது அவரைத் திட்டுவது அவரை மறுபடி வராமல் ஆக்கும் வழி. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது மருந்தின் நிறம். பசியே இல்லாமல் போவது, தொடர் வாந்தி, கண்ணில் மஞ்சள் என்றால் அது கல்லீரலின் அழைப்பு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆண்டிபயாடிக்கைக் குற்றம் சொல்லும்போது அதோடு வரும் மற்ற மாத்திரைகள் தப்பித்துவிடுகின்றன. மெடிக்கல் கடையில் காகிதப் பொட்டலத்தில் கொடுக்கும் "செட் மாத்திரை"யில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வலிக்கு டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ, சளிக்கு செட்டிரிசின் இருக்கும். தினமும் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவருக்குப் பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து இரைப்பையில் ரத்தம் கசிய வைக்கும். செட்டிரிசினோடு குடித்துவிட்டுப் பைக் ஓட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அமாக்சிசிலினோடு கொஞ்சம் குடித்ததால் வரும் தீங்கைவிட இவை பெரியவை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை ரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றி இறக்கக் கூடியவை. மதுவும் சர்க்கரையை இறக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் இரவு சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால், போதை என்று வீட்டார் விட்டுவிடுவது சில நேரம் தாழ்சர்க்கரை மயக்கமாக இருக்கும்.

யாரும் பேசாத இன்னொரு ஆபத்து, குடியைத் திடீரென்று நிறுத்துவது. காலையில் கண் விழித்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போய்விட்டவர், ஆண்டிபயாடிக் சாப்பிடுகிறோம் என்று ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாளில் வியர்த்து நடுங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, வலிப்பும் வரலாம். காய்ச்சலோ காலில் புண்ணோ காரணமாக வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு எழுந்து ஊசியைப் பிடுங்கிப்போட்டுக் கத்தினால், பைத்தியம் என்று கட்டிப்போடுவார்கள். அது மதுவை நிறுத்தியதால் வந்த நோய். தயமின் ஊசியும் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கொடுத்தால் அடங்கும். சேரும்போதே குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லியிருந்தால் முன்கூட்டியே தடுத்திருக்கலாம்.

மறைப்பது ஏன் என்று கேட்டால், சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம்தான். மருந்தும் மதுவும் சேர்ந்தால் விஷம் என்று நம்புகிறவர்கள் குடிக்கும் நாளில் மருந்தை விட்டுவிடுகிறார்கள் என்பதை எச்.ஐ.வி. நோயாளிகளிடையே அமெரிக்காவில் சேத் கலிச்மன் குழுவினர் நடத்திய ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. ஆண்டிபயாடிக்கிலும் இது நடக்கிறது என்பதை மெடிக்கல் கடை வாசலில் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். அப்படி விட்டு விட்டுச் சாப்பிடும் மாத்திரையால் நோய் தீராமல் போகிறது. காசநோயிலோ, மருந்துக்கு அடங்காத கிருமி அந்த வீட்டிலேயே உருவாகிவிடுகிறது.

ஆகவே மருத்துவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் என் வேண்டுகோள்: குடிப்பீங்களா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று முகம் சுளிக்காமல் கேளுங்கள். கொடுக்கும் மருந்து செஃபோபெரசோனா, நிடசோலா, காசநோய் மருந்தா என்பதைப் பெயர் சொல்லி, எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மருந்து எடுக்கிறவர்களுக்கு: கோர்ஸ் முடியும் வரை குடிக்காதீர்கள், தினமும் குடிப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தவறிக் குடித்துவிட்டால் அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மறுநாளே மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. குடித்தபின் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வரும் ஊழியரிடம் எந்த ஊசி, எந்த மாத்திரை என்று சொல்ல, அட்டையையும் டிஸ்சார்ஜ் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.